மாலை கழற்றும் நாள்

எங்கள் மெஸ்ஸில் எவ்வளவு மீன் வாங்குவது என்பதை நான் முடிவு செய்ததே இல்லை. கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கிய நாள்காட்டிதான் முடிவு செய்தது.

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் முன்பக்கம் மெஸ், பின்பக்கம் ஒரே அறையில் எங்கள் குடித்தனம். மதியம் மட்டும்தான் சாப்பாடு. மீன் குழம்பு, மீன் வறுவல், ரசம், மோர். சங்கராவும் கானாங்கெளுத்தியும் சென்னையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் வரும். கெண்டையும் விராலும் பக்கத்து ஏரிகளிலிருந்து சைக்கிளில் வரும். மீன்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு முன்னால் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். செவ்வாய், வெள்ளி என்றால் பாதி வாங்கினால் போதும். கிருத்திகையோ அமாவாசையோ வந்துவிட்டால் அந்தப் பாதியும் மிஞ்சும். புரட்டாசி பிறந்தால் நெசவுக்காரத் தெருக்கள் மொத்தமும் நாமம் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். மாதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் இலை போடுவதற்கு முன்பே வந்து நின்றுகொண்டு, "இன்னும் கொழம்பு கொதிக்கலியா?" என்று என்னிடம் சண்டை பிடிப்பார்கள். ஆடி மாதம் வேறு மாதிரி. படவேட்டு அம்மனுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு வியாபாரம் கிடையாது. திரும்பி வருகிற பஸ்ஸில் உண்டு.

இதெல்லாம் எனக்கு ஒரே வருடத்தில் பழகிப்போயிற்று. சாமி கும்பிடுகிற மாதம் வந்தால் என் அடுப்புக்கு ஓய்வு, அவ்வளவுதான். எரிச்சல் வரும், நாள்காட்டியை முறைப்பேன், பிறகு சாம்பார் வைத்துச் சமாளிப்பேன்.

ஆனால் கார்த்திகையை மட்டும் என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. மற்ற எல்லா விரதமும் எனக்கு நஷ்டம். கார்த்திகையும் நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்துக்காக நான் வருடம் முழுவதும் காத்துக்கொண்டிருந்தேன். காரணம், என் வீட்டுக்காரர் குடிப்பார்.

சும்மா குடிக்கிறவர் இல்லை. பட்டுப் புடவைக் கடையில் நல்ல வேலையில் இருந்தவர், குடியால் அதை விட்டார். நான் மெஸ் வைத்ததே அதற்குப் பிறகுதான். கல்லாவில் அவரை உட்கார வைத்தேன். பிராந்திக் கடை எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். மத்தியானமே கண் சிவந்துவிடும். இலை போட்டுச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் என்னை என்ன பேசுவார், எதைத் தூக்கி எறிவார் என்று தெரியாது. குழம்பு கொதிக்கும்போது என் ஒரு காது அடுப்பில் இருக்கும், இன்னொரு காது கல்லாவில் இருக்கும்.

மெஸ் நடத்துகிறவளுக்கு ஒரு பாடம் சீக்கிரமே வந்துவிடும். உட்கார்ந்தவர் முதலில் எதைக் கேட்கிறார் என்று பார்த்தால் போதும். சோறு கேட்டால் பசித்து வந்தவர். சோறு வேண்டாம், முதலில் வறுவல் கொண்டுவா என்றால் மடியில் பாட்டில் இருக்கிறது. கடைசி மேசைக்கு ஒரு துணித் திரை போட்டிருந்தோம். வறுவல் கேட்கிறவர்கள் தாங்களாகவே அங்கே போய்விடுவார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் போய் உட்காருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. பவர்லூம் ஷெட்டுகளில் வேலை செய்தவர்கள் கூட்டமாகச் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். அவருடைய சினேகிதர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். இவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையத் திருநீறு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலு நாள் தாங்குமா என்று நினைத்தேன்.

தாங்கியது. விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தார். மீன் நாற்றம் ஆகாது என்று கோயில் பக்கத்துப் பஜனைக் கொட்டகையிலேயே தங்கினார். மற்ற சாமிகளோடு சேர்ந்து பொங்கல் கிண்டினார், அன்னதானம் போட்டார். வீட்டுக்கு ஏதாவது தேவையென்றால் சந்தின் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடுவார். மாலை போட்டவர் பெண்டாட்டியைக்கூட அம்மா என்றுதான் அழைக்க வேண்டும். நானும் அவரைச் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னாமே" என்று அதட்டிக்கொண்டிருந்த வாய், "அம்மா, பொண்ணு பள்ளிக்கூடம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் குரலுக்காகவே வாசலில் நின்றேன்.

மெஸ்ஸில் ஈ ஓட்டினேன். குடிக்கிறவர்கள் பாதிப்பேர் மாலையில் இருந்தால் வறுவலை யார் கேட்பார்கள்? தோசைக்கல் காய்ந்து கிடந்தது. மீன்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு மாதம் ஒரு சட்டி உடையவில்லை. என் மகள் பயமில்லாமல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

பொங்கல் முடிந்த கையோடு அவர்கள் மலையிலிருந்து திரும்பினார்கள். கோயிலில் குருசாமி எல்லாருக்கும் மாலை கழற்றினார். குருசாமி எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவர், பல வருடம் மலைக்குப் போனவர். மாலை கழற்றினவர்கள் நேராக எங்கே போவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு மாதம் வாயைக் கட்டியவர்கள் அல்லவா? மீனுக்குத்தான் வந்தார்கள். வேன் பிடித்துப் போன கூட்டம் மொத்தமும் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. நடுவில் என் வீட்டுக்காரர், வெறும் கழுத்தோடு, சிரித்துக்கொண்டே வந்தார்.

எனக்குக் கை நிறைய வியாபாரம். சந்தோஷமாகத்தான் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டேன். அவர் திரையை விலக்கிக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்தார்.

"இன்னாமே, பாத்துகினு நிக்கற? வறுவல் எட்த்துனு வா, ஜல்தி!"

அவ்வளவுதான். அம்மா போய் மே வந்துவிட்டது. வறுவல் முதலில், சோறு அப்புறம். என் கையால் மசாலா தடவி, என் கையால் பொரித்து, நானேதான் கொண்டுபோய் வைத்தேன். பொழுது சாய்வதற்குள் பழைய மனிதர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வருடமும் அவர் மாலை போட்டார். அதே நிம்மதி, அதே ஈ ஓட்டல். ஆனால் இந்தத் தடவை மாதம் பிறந்ததிலிருந்தே மாலை கழற்றும் நாளை எண்ணத் தொடங்கிவிட்டேன். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மீன் இருந்ததால்தானே தொட்டுக்கொண்டு குடித்தார்? மீன் இல்லையென்றால் அந்தக் கூட்டம் இங்கே வராது, கூட்டம் வராவிட்டால் இவர் தனியாக என்ன செய்வார்? வருடத்திலேயே அதிகம் மீன் விற்கிற நாளுக்கு மீன்காரரிடம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பைத் துடைத்து, கதவைப் பூட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு பெரணமல்லூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மீனைத் தண்டித்தால் மனுஷன் திருந்திவிடுவான் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவளுக்குத்தான் தோன்றும்.

மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது மெஸ் படியில் கிடந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. எல்லாரும் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள், அங்கே யாருடனோ வாய்த்தகராறு. எவனோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் தண்ணீர் கொண்டுவந்து முகத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் சோறு போடற. நான் வர்ற அன்னிக்குப் பூட்டிகினு போயிட்ட இல்ல?"

போதை அப்போது தெளிந்திருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மூன்றாவது கார்த்திகையில் அவர் மாலை போட்ட அன்று மகள் கேட்டாள்: "அம்மா, அப்பா எப்பவுமே சாமியாவே இருந்துகினா இன்னாம்மா?"

குழந்தை கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. குளித்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு, குருசாமியின் தையல் கடைக்குப் போனேன்.

"சாமி, பொங்கலுக்கப்புறமும் அவுரு மாலையைக் கழட்டாம இருக்கலாங்களா?"

குருசாமி தையல் மிஷினை நிறுத்தினார். "இருக்கலாம்மா. நானே சில வருஷம் இருந்துகினு கீறேன். ஆனா சும்மா இல்ல. மாலை போட்டவரு வீட்ல எத்தினி நாள் மீன் கழுவிகினு இருப்ப? நீ அந்த யாபாரத்த வுட்டுடறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெரியவர், சாமி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த வீட்டில் உலை கொதிப்பதே அந்த மீனால்தான். என் கைக்குழம்புக்காக வேலூரிலிருந்து வருகிற டிரைவர்கள்கூட எங்கள் சந்தைத் தேடி வருவார்கள்.

"குடிச்சது யாரு சாமி? மீனா?"

அவர் கையிலிருந்த துணியை நீவி மடித்தார். பிறகு, "பங்குனி உத்திரம் வரைக்கும் கழட்டாம இருக்கட்டும். ஐயப்பன் பொறந்த நாளு அது. அன்னிக்குக் கழட்டறேன். அதுவரைக்கும் அவுருக்குத் தனியா ஒரு எடமும் ஒரு வேலையும் பாரு. வேலை இல்லாத ஆம்பளைக்கு மாலை மட்டும் போதாதும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நான் இந்தப் பக்கம் இருந்தே கேட்டேன்.

"கழட்டாம இருக்கறீங்களா சாமி?"

அவர் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "கழட்டினா இன்னா ஆவும்னு எனக்கே பயமா கீதும்மா" என்றார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் எதற்கும் பயம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் அடுப்புப் போட்டோம். பஜனைக் கொட்டகையில் கிண்டிய பொங்கல் கைகொடுத்தது. இட்லி, பொங்கல், வடை. மாலை போட்ட சாமிகள் நாஷ்டாவுக்குச் சுத்தமான இடம் தேடி அலைகிற மாதம் அது. சாமியே சமைக்கிற கடை என்றதும் காலையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. என் மெஸ்ஸில் மத்தியானம் ஆளில்லை, அவர் கொட்டகையில் காலையில் உட்கார இடமில்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தால் சாமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைப்பார்கள் என்பதால் வறுவல் அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன். சந்தில் எல்லாருக்கும் நாங்கள் வேடிக்கையாகிவிட்டோம். பெண்டாட்டி கடைக்குப் போட்டியாகப் புருஷன் கடை என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்தது. மலைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். மற்ற எல்லாருக்கும் மாலை இறங்கியது, இவருக்கு மட்டும் கழுத்தில் இருந்தது. கூட்டம் வழக்கம்போல என் மெஸ்ஸுக்கு வந்தது. இந்தத் தடவை நான் பூட்டவில்லை. மீன் நிறைய வாங்கி, பின்கட்டில் நின்று பொரித்துக்கொண்டே இருந்தேன். திரைக்குப் பின்னால் குடி ஆரம்பித்தது, திரைக்கு வெளியேயும் பரவியது. அதிலொருவன் வாசலில் போய் நின்று சந்தைத் தாண்டிக் கூவினான்.

"இன்னா சாமி! எங்கள வுட்ட ஐயப்பன் உன்ன மட்டும் வுட மாட்டன்ட்டாரா? வா நைனா, வஞ்சிரம் கீது!"

எல்லாரும் சிரித்தார்கள். கரண்டியோடு நான் வெளியே ஓடிவந்தேன். அவர் கொட்டகைக்குள்ளிருந்து எழுந்து நின்றார். முகம் இறுகியிருந்தது. படியை விட்டு இறங்கினார். சந்தின் பாதிவரை வந்தார். அவர் கண் என்மேல் இல்லை, மேசைமேல் இருந்தது. வாயைத் திறந்து சாமி என்று கூப்பிடக்கூடத் தைரியமில்லை. கூப்பிட்டு அவர் மானம் போய், அந்த ரோஷத்திலேயே வந்துவிட்டால்? கல்லில் கிடந்த மீன் கருகுகிற வாடை அடித்தது. அவர் திரும்பினார். கொட்டகைக்குப் போய், முன்பக்கத்துச் சாக்குத் திரையை இழுத்து விட்டுக்கொண்டார். சாக்குக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் அவை அசையவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாசியும் பங்குனியும் எனக்கு ஓடவில்லை, நகர்ந்தன. முன்பெல்லாம் மீனுக்காகப் பார்த்த நாள்காட்டியை இப்போது அவருக்காகப் பார்த்தேன். சாமிகள் இல்லாததால் அவர் கடைக்குக் கூட்டம் குறைந்தது. ஆனால் பஸ் பிடிக்க வருகிறவர்களும் ரைஸ் மில் ஆட்களும் இட்லிக்குப் பழகியிருந்தார்கள். அவர் கொட்டகையை விட்டு நகரவில்லை. நான் மட்டும் தூக்கத்தில்கூட "இன்னாமே" என்ற குரலைக் கேட்டு விழித்துக்கொள்வேன்.

உத்திரத்தன்று ஊரில் பாதிப்பேர் முருகனுக்கு விரதம். மீன் வாங்கவில்லை. குருசாமி ஆள் அனுப்பியிருந்தார், பூஜை முடிந்து மாலையைக் கழற்றியாயிற்று என்று. அன்று அவர் சந்துக்கே வரவில்லை. எங்கே இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோயிலிலேயே படுத்துக்கொண்டார் என்று மறுநாள் தெரிந்தது.

மறுநாள் சங்கரா வந்திருந்தது. குழம்பு வைத்தேன், வறுவலும் போட்டேன். போடாமல் இருக்கலாமா என்று யோசித்தேன்தான். பூட்டிவிட்டுப் போனவளிடம் அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருந்தது. இருப்பது இருக்கட்டும், கேட்பதை அவர் கேட்கட்டும் என்று அடுப்பை எரியவிட்டேன்.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எதிர்க் கொட்டகையிலிருந்து அவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, மழித்த முகம், வெறும் கழுத்து. இத்தனை மாதமும் ஒரு ஆறு மாதிரி எங்களுக்கு நடுவில் கிடந்த அந்தச் சந்தை நாலு எட்டில் தாண்டிவிட்டார். தொட்டியில் கை கழுவினார். உள்ளே வந்து, முன்னால் இருந்த மேசைகளையெல்லாம் விட்டுவிட்டு, நேராகக் கடைசி மேசைக்குப் போனார். திரையை விலக்கினார். பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

அவர் மடியைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் போட்டேன். தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. அவர் இலையைத் தடவித் துடைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வறுவல் கீதா?" என்று கேட்டார்.

என் உயிர் போய்விட்டது. மூன்று கார்த்திகை, ஒரு தகரக் கொட்டகை, குருசாமியிடம் பேசிய பேச்சு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. "கீது" என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

"பொண்ணுக்கு ரெண்டு எட்த்து வெச்சிடு. பசியா வரும்." இலையை என் பக்கம் லேசாக நகர்த்தினார். "எனக்குச் சோறு போடும்மா."

போட்டேன். குழம்பை ஊற்றினேன். அவர் பிசைந்து சாப்பிட்டார். முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ரசமும் மோரும் வாங்கி, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். அன்று அது தூக்கல்தான், ரெண்டு தடவை போட்டுவிட்டேன்.

எழுந்து, இலையை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் சந்தைத் தாண்டி மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போடப் போனார். நான் கடைசி மேசையின் துணித் திரையை அவிழ்த்தேன். அதற்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வெளிச்சத்தில்தான் சாப்பிட்டார்கள். வறுவல் வியாபாரம் கொஞ்சம் படுத்தது. ஆனால் அவர் வந்து உட்காரும்போதெல்லாம், எத்தனையோ வருடம் கழித்தும், அவர் முதலில் எதைக் கேட்கப்போகிறார் என்று என் ஒரு காது அவர் பக்கமே இருந்தது.